பணிய லயத்துக்குக் கார் போன விதம்

துரையின் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு துரையின் காரைப் பள்ளத்தில் இறக்கிய மடையன் நான்தான். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுவது எனக்கு நல்லது. அன்று அங்கே நின்றவர்களில் சிலர் இன்னும் நல்ல கண்பார்வையோடு இருக்கிறார்கள். பிரேக் பிடிக்கவில்லை, பனிமூட்டம் மறைத்தது என்று நான் ஏதாவது எழுதினால், வீடு தேடி வந்து என் பேரப்பிள்ளைகள் முன்னால் சிரித்துவிட்டுப் போவார்கள்.

ஓய்வுபெற்ற சாரதிகள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். விபத்து இல்லாமல் வாகனம் ஓட்டுவது எப்படி என்று நாலு பக்கம் எழுதித் தரும்படி வேன் ஓட்டும் இளைஞர்கள் இரண்டு பேர் வந்து கேட்டார்கள். முப்பத்தைந்து வருடம் மலை ரோட்டில் ஓட்டியவருக்குத் தெரியாததா என்றார்கள். தெரியாது. விபத்து நடந்தால் பிறகு என்ன ஆகும் என்பதுதான் எனக்குத் தெரியும். அதை எழுதுகிறேன், பிடித்தால் போடட்டும்.

அட்டனிலிருந்து நல்லதண்ணிக்குப் போகும் ரோட்டுப் பக்கத்துத் தோட்டம் எங்களுடையது. அப்பா ஃபாக்டரி அடுப்புக்கு விறகு போட்டவர். நான் பதினேழு வயதில் கொழுந்து லொறியில் கிளீனராக ஏறினேன். ஐந்து வருடம் லொறிக்குக் கீழே படுத்துக் கிடந்துவிட்டு, ஆறாவது வருடம் மேலே ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தேன். நுவரெலியாவில் லைசன்ஸ் பரீட்சைக்குப் போனபோது, பின்னால் எடு என்று சொன்ன இன்ஸ்பெக்டர் ஐயா பின்னாலேயே நின்றுவிட்டார். அவர் துள்ளி விலகிய சந்தோஷத்தில்தான் எனக்கு லைசன்ஸ் கொடுத்தார் என்று நினைக்கிறேன். பழைய கார் டிரைவர் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனதும் பெரிய துரையின் கறுப்புக் கார் என் கைக்கு வந்தது. நாடு சுதந்திரமடைந்து நாலைந்து வருடம் ஆகியிருந்த நேரம்.

அந்தக் காரை ஓட்டுவது வேலையில் பாதிதான். காலையில் மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீர் பிடித்து வந்து ரேடியேட்டரை நிரப்ப வேண்டும். முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். அது ஒருநாள் திரும்பி அடித்ததில் என் மணிக்கட்டு இன்றும் மழை வருவதை முன்கூட்டியே சொல்லும். ரோடு வளைகிற ஒவ்வொரு முடக்கிலும் இரண்டு தடவை ஹோர்ன். பனி இறங்கினால் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும், எதிரே லொறி வந்தால் கண்ணுக்கு முன் காதுக்குத்தான் தெரியும். எங்கே நிறுத்தினாலும் பின்சக்கரத்துக்கு ஒரு கல். துரை ஏறியதும் கதவைச் சாத்த வேண்டும், ஆனால் சத்தம் கேட்கக்கூடாது.

துரை என்றால் சத்தம் போடுகிற துரை இல்லை. அதுதான் தொல்லை. கோபம் வந்தால் புகைக்கிற சுங்கானைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒன்றுமே பேசமாட்டார். எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறாரோ அவ்வளவு கோபம் என்று நாங்கள் கணக்கு வைத்திருந்தோம். தமிழ் நன்றாகவே பேசுவார், ஆனால் ஒரு வசனத்தில் நாலைந்து சொல்லுக்கு மேல் செலவழிக்கமாட்டார். தேயிலைச் செடி என்றால் மட்டும் மனம் இளகும். ஒரு செடியில் மாடு வாய் வைத்தால்கூடப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்ப்பார்.

அந்தக் காலத்து வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் தொப்பி விஷயம் விளங்கும். துரையின் கார் வந்தால் ரோட்டில் நடப்பவர்கள் ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கிவிட வேண்டும். விரித்த குடையைச் சுருக்க வேண்டும், மழை பெய்தாலும். தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கார் தாண்டும்வரை குனிந்து நிற்க வேண்டும். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா முதல் கங்காணிவரை எல்லோருக்கும் இதுதான் சட்டம். ஆனால் துரையை இறக்கிவிட்டு நான் வெறும் காரோடு திரும்பி வரும்போது, அதே ஆட்கள் நடுரோட்டில் நின்று ஒரு பீடி இருக்கா சூசை என்று கேட்பார்கள். ஹோர்ன் அடித்தால் என் பரம்பரையை விசாரிப்பார்கள்.

ஒருநாள் துரை தொப்பியைப் பின்சீட்டில் மறந்துவிட்டுப் போனார். வெயில் கண்ணில் குத்துகிறதே என்று எடுத்துத் தலையில் வைத்தேன். உண்மையிலேயே வெயிலுக்காகத்தான். அடுத்த முடக்கில் நாலு பேர் கானுக்குள் குதித்தார்கள், இரண்டு குடை சுருங்கியது. எனக்கு அது தேன் குடித்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு தொப்பி எப்போதெல்லாம் பின்சீட்டில் தங்கியதோ அப்போதெல்லாம் எனக்கு வெயில் அடித்தது, மழையிலும்.

இனி பணிய லயம். எங்கள் தோட்டத்தில் கார் ரோடு மேலே மலையின் இடுப்பைச் சுற்றிப் போகும். அதற்குக் கீழே சரிவு முழுக்கத் தேயிலை. அதற்கும் கீழே, பள்ளத்தின் அடியில், இருபத்துநாலு காம்பரா, அதாவது ஒற்றை அறை வீடுகள், வரிசையாக ஒட்டிய லயம் ஒன்று. அதுதான் பணிய லயம். அங்கிருந்து மேலே வர முந்நூற்றுப் பன்னிரண்டு படி. அரிசி மூட்டை, விறகு, நோயாளி எல்லாம் அந்தப் படிவழிதான். லயத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஓடையைத் தாண்டி அரை மைல் புதருக்குள் போனால் அரசாங்க ரோடு வந்துவிடும், ஆனால் அங்கே ஆடு போகும் தடம்தான் இருந்தது.

கார் விழுவதற்கு முந்தின வருடம் அந்த லயத்து மருதாயிக்கு முதல் பிரசவம். வலி கண்டு ஒன்றரை நாளாகியும் பிள்ளை வரவில்லை. கம்பளியை மூங்கிலில் தொட்டிலாகக் கட்டி நாலு பேர் அவளைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். நான் மேலே லொறியை ஸ்டார்ட்டில் வைத்துக்கொண்டு நின்றேன். பாதிப் படியில் கம்பளியை இறக்கினார்கள். பிறகு மேலே வரவில்லை. அவள் பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை. நான் வெகு நேரம் கழித்துத்தான் லொறியின் இன்ஜினை நிறுத்தினேன்.

அவளுடைய மாமனார் வேலு கங்காணி. லயத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் வேலை வாங்குகிற சின்னக் கங்காணிதான், ஆனால் வாய் பெரியது. அரசாங்க ரோட்டிலிருந்து லயத்துக்கு ஒரு பாதை வெட்டித் தாங்க என்று அவர் துரையிடம், காலையில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்புகிற பெரட்டுக் களத்தில் வைத்து, மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை போன பிறகும் கேட்டார். துரையின் பதில் ஒவ்வொரு தடவையும் ஒன்றுதான். அங்க கார் போகாது. போகாத இடத்துக்கு ரோடு எதற்கு? இதற்கிடையில் மருதாயிக்கு மறுபடி வயிற்றில் எட்டு மாதம்.

கார் விழுந்த நாள், துரையைக் கொழும்பு ரயிலுக்கு அட்டனில் ஏற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பட்டணத்துக்கு வேறு தொப்பி, தோட்டத் தொப்பி பின்சீட்டில். எனக்கு வெயில் அடித்துவிட்டது. இலேசான தூறல் வேறு. பணிய லயத்துக்கு மேலே உள்ள முடக்கில் வேலு கங்காணி குடையோடு வந்துகொண்டிருந்தார். காரைக் கண்டதும் கானுக்குள் இறங்கினார், குடையைச் சுருக்கினார், முக்கால் மடங்காகக் குனிந்தார். என்னை எப்போதும் பொடியன் என்று கூப்பிடுகிற மனுஷன். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. துரை இப்படியான இடங்களில் தொப்பியின் விளிம்பை இரண்டு விரலால் தொடுவார், அவ்வளவுதான். நான் தாராளமானவன், தொப்பியை முழுதாகத் தூக்கி இறக்கினேன். துரையின் தலை என் தலையைவிட நாலு விரற்கடை பெரியது. இறங்கிய தொப்பி நெற்றியில் நிற்காமல் மூக்கில் வந்து நின்றது. உள்ளே ஒரே இருட்டு. முடக்கு அந்த நேரம் பார்த்து இடது பக்கம் திரும்பியது, நான் திரும்பவில்லை.

கங்காணி பிறகு சொன்னது: குனிந்த தலையை நிமிர்த்திப் பார்த்தேன், ரோட்டில் காரைக் காணோம்.

கார் உருளவில்லை, சரிவில் நேராக இறங்கியது. தேயிலைச் செடிகள் ஒவ்வொன்றாக வயிற்றில் உரசி வேகத்தைக் குறைத்தன. பிரேக்கை நானும் மிதித்தேன், ஆனால் புண்ணியம் செடிகளுக்குத்தான். கடைசியில் லயத்து வாசலில் விறகுக்காக அடுக்கி வைத்திருந்த செடி கவ்வாத்து வெட்டிய குச்சிக் குவியலுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. ஒரு கோழிக்குக்கூடக் காயமில்லை. எனக்கு நெற்றியில் ஒரு புடைப்பு. கதவு மட்டும் குச்சிகளில் சிக்கித் திறக்கவில்லை. தொப்பி நாடிவரை இறங்கி இறுகிவிட்டது. ஒரு கை ஸ்டியரிங்குக்கும் கதவுக்கும் இடையில் மாட்டிக்கொண்டது.

தொரை விழுந்துட்டாரு என்று மேலேயிருந்து கங்காணி போட்ட சத்தத்தில் லயமே திரண்டுவிட்டது. காலடிச் சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. தொப்பியின் கீழ்விளிம்பு வழியாக எட்டிப் பார்த்தேன். இருபது முப்பது பேர் பத்து யார் தள்ளி வரிசையாக நிற்கிறார்கள். தலைப்பாகை எல்லாம் கக்கத்தில், குடையெல்லாம் மடக்கி, தூறலில் நனைந்துகொண்டு குனிந்து நிற்கிறார்கள். துரை கூப்பிடாமல் யாரும் துரைக்குக் கிட்டே போகக்கூடாதே.

"அடேய், வந்து தூக்குங்கடா" என்று முனகினேன்.

ஒருவரும் அசையவில்லை. பின்வரிசையில் யாரோ சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது: "அடிபட்ட பொறவு தொரைக்குத் தமிழு நல்லா வருது."

கடைசியில் கிட்டே வந்தது மருதாயிதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குச்சிகளை விலக்கி, தலையை உள்ளே நீட்டி, தொப்பியை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கி இழுத்தாள். என் காதும் கூடவே வருவது போலிருந்தது. "அட, நம்ம டிரைவரண்ணே" என்றாள். அதன் பிறகு அங்கே எழுந்த சிரிப்பை நான் எழுதப் போவதில்லை. வாசிக்கிறவர்களே சிரித்துக்கொள்ளலாம். அவள் மட்டும் சிரிக்காமல் தொப்பியை முந்தானையால் துடைத்து, பின்சீட்டில் துரை வைக்கிற மாதிரியே வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து துரையை அட்டன் ஸ்டேஷனிலிருந்து கூட்டிவர லொறியோடு போனேன். துரை லொறியைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார், முன்சீட்டில் ஏறினார். இரண்டு மைல் வந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"டிரைவர். கார் எங்க?"

"பணிய லயத்துலங்க."

"அங்க கார் போகாது."

நான் ஒரு முடக்கு முழுவதும் யோசித்தேன். "போயிருக்குங்க" என்றேன்.

அதற்குப் பிறகு தோட்டம் வரும்வரை சுங்கான் பல்லில் இருந்தது. ஏழு மைல். என் உத்தியோகத்தில் அதுதான் மிக நீளமான மௌனம்.

துரை முதலில் காரைப் பார்க்கவில்லை. மேலேயிருந்து படிக்குப் பக்கவாட்டில் இறங்கி, ஒடிந்த செடி ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றார். பிறகு காருக்குள் கையை விட்டுத் தொப்பியை எடுத்தார். திருப்பி உள்ளே பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். நான் அந்த நாளில் தலைக்குத் தேங்காயெண்ணெய் சற்று ஏராளமாகவே வைப்பேன். துரை தொப்பியைத் தலையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டார். தொப்பியைப் பற்றி அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. ஆனால் அதன் பிறகு அது காரில் தங்கியதும் இல்லை. என்னிடம் சொன்னது வேறு. விசிட்டிங் ஏஜண்டு, சுருக்கமாக வீயே, என்று ஒரு துரை உண்டு. கம்பெனிக்காகத் தோட்டம் தோட்டமாக வந்து குறை கண்டுபிடிக்கிறவர், பெரிய துரைகளுக்கே வயிற்றைக் கலக்குகிறவர். அவர் வர இன்னும் பதினெட்டு நாள்தான்.

"அதுக்குள்ள கார் வராட்டி, நீ இல்லை" என்றார் துரை.

அதாவது பத்துச்சீட்டு. வேலையிலிருந்து நிறுத்தினால் கையில் கொடுக்கிற துண்டு. அதோடு காம்பராவும் போய்விடும். அப்போது எனக்குக் கலியாணமாகி ஆறு மாதம்.

மறுநாள் காலையில் ஃபாக்டரியிலிருந்து தடித்த கயிறு வந்தது. அறுபது ஆம்பிளைகள் சரிவில் வரிசையாக நின்றார்கள். பின் அச்சில் கயிற்றைக் கட்டியது நான். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்ததும் நான். துரை மேலே ரோட்டில் நின்று கையைக் காட்டினார். வேலு கங்காணி குரல் கொடுக்க, அறுபது பேரும் பதில் குரல் கொடுத்து இழுத்தார்கள். சத்தம் அடுத்த தோட்டம்வரை கேட்டிருக்கும். கார் அசையவில்லை. மறுபடி குரல், மறுபடி இழுப்பு. கங்காணி துண்டால் முகத்தைத் துடைத்தார், ஆட்கள் மூச்சு வாங்கினார்கள், ஒருவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டான். கார் ஓர் அங்குலம் நகரவில்லை.

திரும்பிப் பார்த்த எனக்குத்தான் கயிறு கிட்டத்தில் தெரிந்தது. அறுபது பேர் இழுக்கிற கயிறு கம்பி மாதிரி நிற்க வேண்டாமா? இது துணி காயப்போடுகிற கொடி மாதிரித் தொங்கியது. குரல் மட்டும்தான் இழுத்துக்கொண்டிருந்தது, கை இழுக்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. கார் சரிவுவழியாக மேலே போய்விட்டால், அங்க கார் போகாது என்பது மறுபடி உண்மையாகிவிடும். போகக்கூடாத இடத்துக்கு வந்த கார் அங்கேயே கிடந்தால்தான் பாதைக்கு வழி பிறக்கும். கங்காணிக் கிழவர் என் வேலையை வைத்து ரோடு வாங்கப் பார்க்கிறார்.

காரைவிட்டு இறங்கி மேலே ஏறினேன். துரையிடம் ஒரு சொல் சொன்னால் போதும்: கயிற்றைப் பாருங்க. துரை கீழே இறங்கிக் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றாலே கார் மத்தியானத்துக்குள் மேலே வந்துவிடும், எனக்குப் பத்துச்சீட்டும் இல்லை. நான் ஏறுவதைக் கங்காணி பார்த்தார், குரல் கொடுப்பதை நிறுத்திவிட்டார். லயத்துச் சுவரில் சாய்ந்தபடி மருதாயி நின்றாள். ஒரு கை இடுப்பில். என்னைப் பார்க்கவில்லை, கயிற்றையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துரையின் முன்னால் போய் நின்றபோது என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "தொரைங்களே, இன்னும் இழுத்தா பின் அச்சு ஒடிஞ்சிரும்."

இதில் வீரம் ஒன்றும் இல்லை. பாதிச் சரிவில் கயிறு அறுந்தால் ஸ்டியரிங்கோடு திரும்பக் கீழே போவது யார் என்ற யோசனையும் எனக்கு இருந்தது. ஆனால் இயந்திரம் பற்றி நான் சொன்னால் துரை நம்புவார். அவர் சுங்கானைக் கடித்தார். பிறகு கீழே பார்த்தார், அறுபது பேர் நிற்கிற இடத்தில் மிதிபடுகிற செடிகளைப் பார்த்தார். முகம் மாறியது. கங்காணி எப்போது மேலே வந்தார் என்று தெரியாது, தலைப்பாகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"அந்தப் பக்கம் அரை மைலு வெட்டுனா, செடி ஒண்ணு சாகாது. காரு தன் காலாலயே நடந்து போயிரும்ங்க" என்றார்.

துரை சுங்கானை வாயிலிருந்து எடுத்தார். பிறகு, "எத்தனை நாள்?" என்றார்.

ரோட்டுக்கு அடையாளக் குச்சி நட்டது துரையேதான். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. நிலமட்டம் பார்க்கிற கண்ணாடியை முக்காலியில் வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கையை இடமும் வலமும் ஆட்டுவார், கண்டாக்கையா குச்சி நடுவார். ஏற்றம் அதிகமாகத் தெரிந்தால் பிடுங்கித் திரும்ப நடுவார். ஒரு முடக்கை மட்டும் மூன்று தடவை மாற்றினார், நான் திரும்புவேனா என்று சந்தேகமாம். பிறகு மம்பட்டிக்காரர்கள் மேல்பக்கத்து மண்ணை வெட்டிக் கீழ்ப்பக்கம் போட்டார்கள். பாறை வந்த இடத்தில் அலவாங்கு என்கிற கடப்பாரையும் நெருப்பும். ஓரத்தில் ஒரு முழக் கான். ஓடைக்குக் குறுக்கே நாலு மரத்தைப் போட்டு மேலே பலகை. பெண்கள் கொழுந்துக் கூடையிலேயே கல் சுமந்தார்கள். பணிய லயத்து ஆட்கள் வெளிச்சம் வருமுன் வந்துவிடுவார்கள், பெரட்டுத் தப்பு அடிக்கவே தேவையில்லை. கயிற்றை இழுத்துத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் தனியாளாக ஒரு பாறையைப் புரட்டியதைப் பார்த்தேன். துரையும் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஓடையைப் பார்த்தேன்.

பதினைந்தாம் நாள் காரைக் குச்சிக் குவியலிலிருந்து பின்னால் இழுத்தோம். இந்தத் தடவை பத்துப் பேர்தான் கயிற்றில், கார் வெண்ணெயில் கத்தி போல வந்தது. துரை சரியாக அப்போது சுங்கானில் புகையிலை அடைத்துக்கொண்டிருந்தார் என்று நம்புகிறேன். இன்ஜின் மூன்றாம் சுழற்றலில் பிடித்தது. மரப்பாலத்தில் ஏறும்போது பலகைகள் ஒவ்வொன்றாகப் பேசின. நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன், எங்கள் வீட்டு மாதாவை மட்டுமல்ல, அவர்கள் லயத்து மாரியம்மனையும். அரசாங்க ரோட்டில் சக்கரம் ஏறியபோது பின்னால் கைதட்டல். துரை அந்த முனையில் நின்று கதவைத் திறந்து ஏறினார். லயத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இந்த ரோட்டுல தேயிலைக் கன்று வை" என்றார் கண்டாக்கையாவிடம்.

துரைக்கு வெறும் மண்ணைக் கண்டால் பொறுக்காது. அரை மைல் மண் சும்மா கிடப்பதா? கார் வந்தாயிற்று, ரோட்டின் வேலை முடிந்தது. தட்டு நிறையக் கன்றுகள் மறுநாளே நர்சரியிலிருந்து வந்து ஓடைப் பக்கம் இறங்கின. வேலு கங்காணி கன்றுத் தட்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார். மருதாயிக்கு ஒன்பது மாதம் பிறந்துவிட்டது.

வீயே துரை வந்தார். ஸ்டேஷனில் ஏற்றிக்கொண்டேன். பின்சீட்டில் இரண்டு துரைகளும், முன்னால் நான் ஒருவன். எங்கள் தோட்டத்து மேல் ரோடு பிரிகிற இடத்துக்கு ஒரு மைல் முன்பே அந்தப் புது ரோட்டு வாய் வரும். அங்கே வந்ததும் நான் ஹோர்ன் இரண்டு அடித்துத் திருப்பிவிட்டேன். பழக்கதோஷத்தில் கை திரும்பிவிட்டது என்று பிறகு சொல்லத் தயாராக இருந்தேன். என் தோள்பட்டைக்குப் பின்னால் சுங்கானைக் கடிக்கிற சத்தம் கேட்டது.

மரப்பாலம், புது முடக்கு, ஓரத்துக் கான், கடைசியில் லயம். அன்று ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வாசலில். அவர்கள் கானுக்குள் குதிக்கக்கூட மறந்து வாய் பிளந்து நின்றார்கள். வீயே துரை காரை நிறுத்தச் சொன்னார். இறங்கினார். சரிவையும் படியையும் அண்ணாந்து பார்த்தார், ரோட்டைக் காலால் தட்டிப் பார்த்தார், கானின் ஆழத்தைக் கைத்தடியால் அளந்தார். எங்கள் துரையின் பக்கம் திரும்பி இங்கிலீஷில் நிறையப் பேசினார். எனக்கு விளங்கியது குட் என்ற சொல் மட்டும்தான், அது மூன்று தடவை வந்தது. மூன்றாம் தடவை எங்கள் துரையின் தோளில் தட்டினார். எங்கள் துரை காது மடல் சிவக்கத் தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை வருடமாக நானேதான் யோசித்து வைத்திருந்தேன் என்கிற மாதிரி ஒரு குனிவு.

அன்று மாலை கன்றுத் தட்டுகள் நர்சரிக்குத் திரும்பின. என் பத்துச்சீட்டைப் பற்றியும் யாரும் பேசவில்லை. துரை இறங்கும்போது மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். "உனக்குக் கை அடிக்கடி திரும்புது, டிரைவர்" என்றார்.

ஒன்பது நாள் கழித்து, காலைப் பெரட்டு முடிந்த நேரம், வேலு கங்காணி மூச்சிரைக்கப் பங்களாவுக்கு ஓடி வந்தார். மருதாயிக்கு வலி கண்டுவிட்டது, முந்தின தடவை மாதிரியே. கொழுந்து லொறி அன்றைக்குப் பார்த்து ஃபாக்டரியில் சக்கரம் கழற்றிக் கிடந்தது. துரை வராந்தாவில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கூலிக்காரி துரையின் காரில் ஏறுவதை எந்தத் தோட்டத்திலும் யாரும் பார்த்ததில்லை. கங்காணி கேட்கவும் துணியவில்லை, நின்றார். துரை கோப்பையை வைக்காமலே என்னைப் பார்த்துச் சொன்னார்: "எடு."

லயத்து வாசலில் அவளைப் பின்சீட்டில் ஏற்றியபோது கங்காணி ஒரு கம்பளியை விரித்தார். தூக்க அல்ல, சீட்டுக்கு. முக்கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரி. அன்று நான் எந்தத் தொப்பியும் இல்லாமல், எந்தப் பக்கமும் பார்க்காமல் ஓட்டினேன். மத்தியானத்துக்குள் பெண் பிள்ளை பிறந்து, வார்டு முழுக்கக் கேட்க அழுதது. இன்னும் கொஞ்சம் பிந்திக் கொண்டுவந்திருந்தால் இரண்டு பேரும் இல்லை என்று நர்ஸம்மா சொன்னாராம். கங்காணி ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, பொடியா, ஒரு பீடி இருக்கா என்றார்.

எட்டாம் நாள் தாயையும் பிள்ளையையும் கூட்டிவர என்னையே அனுப்பினார் துரை. எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த ரோடு, இந்த ஆஸ்பத்திரி, இந்தப் பிள்ளை எல்லாம் யாரால் வந்தது? யோசித்துப் பார்த்தால் என்னால்தானே? நான் விழாவிட்டால் கார் ஏது, கார் இல்லாவிட்டால் ரோடு ஏது? மரப்பாலம் தாண்டி, துரை மூன்று தடவை மாற்றிய அந்த முடக்கு வரும்போது எனக்கு அடக்க முடியவில்லை. ஒரு கையைச் சீட்டின் முதுகில் போட்டு, முழுதாகப் பின்பக்கம் திரும்பி, பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ஏம்மா மருதாயி, நடந்ததெல்லாம் யோசிச்சா, புள்ளைக்கு என் பேரையே வைக்கலாம் போலருக்கே. சூசையம்மான்னு வச்சா நல்லாத்தான இருக்கும்?"

"ரோட்டப் பாத்து ஓட்டுங்கண்ணே" என்றாள் அவள்.